மௌனத்தைப் பேட்டி எடுத்த டாக்டர்

காலையில் எழுந்தேன். கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். கறுப்பு ரொட்டி இரண்டு துண்டு, வெண்ணெய், சீஸ். நின்றபடியே சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். என் மனைவி சிசெல் இறந்ததிலிருந்து எல்லா நாளும் இப்படித்தான் தொடங்கும். அன்றும் இப்படித்தான் தொடங்கியது. ஆனால் நூலகத்து வாசலில் சைக்கிள் நிறுத்த இடமில்லை.

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் சைக்கிள் நிறுத்த இடமில்லை என்றால் ஒன்று கால்பந்து, இல்லாவிட்டால் தள்ளுபடி விற்பனை. அன்று இரண்டும் இல்லை. செத்தவர்கள் பேசப் போகிறார்கள் என்று வந்த கூட்டம் அது.

படித்த கூட்டம். கிறிஸ்துமஸுக்கு மட்டும் தேவாலயம் போகிறவர்கள். போனாலும் பாட்டுக்காகப் போனோம் என்பார்கள். கைரேகை என்றால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பேயை நம்பச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அதே பேய்க்கு அடிக்குறிப்பு போட்டு, கெட்டி அட்டையில் கட்டிக் கொடுத்தால் முன்பதிவு செய்வார்கள்.

அட்டைக்குச் சொந்தக்காரர் டாக்டர் பிரெபென் கில்மோஸ. புத்தகத்தின் பெயர் 'அறைகள் மறப்பதில்லை'. ஓர் அறையில் வாழ்ந்து இறந்தவரின் குரல் அந்த அறையின் மௌனத்தில் படிந்து கிடக்குமாம். மௌனத்தைப் பதிவு செய்து, பழகிய காதால் கேட்டால் பேசுமாம். பழகிய காது நாட்டிலேயே ஒரு ஜோடிதான். அது டாக்டரிடம் இருந்தது. அவர் எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. நான் தேடிப் பார்த்தேன். பன்றித் தீவன ஆராய்ச்சி.

நான் ஒலிப்பதிவாளன். 'நூலும் ஆளும்' என்ற பாட்காஸ்டில் வேலை. வாரம் ஓர் எழுத்தாளர் வந்து தன் புத்தகத்தைப் பற்றிப் பேசுவார். கதை எழுதுகிறவர்களுக்கு இடமில்லை, உண்மையை எழுதுகிறவர்களுக்கு மட்டும். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம். பேட்டி எடுப்பவள் மெரெத்தெ. நல்லவள். முன்னுரையும் முடிவுரையும் தவறாமல் படிப்பாள். நடுவில் இருப்பதை எழுத்தாளரே வந்து சொல்லிவிடுவார் என்பது அவள் நம்பிக்கை. எந்தப் புத்தகமானாலும், "இது என்னைப் புரட்டிப் போட்டுடுச்சு" என்றுதான் ஆரம்பிப்பாள். வாரம் தவறாமல் புரளுகிறவள் எப்படி நேராக நிற்கிறாளோ தெரியவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேட்டி முடிந்ததும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார வேண்டும். அந்த வெற்று அறையின் சத்தத்தைப் பதிவு செய்துகொள்வோம். பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் அதைப் போட்டு நிரப்பினால் ஒட்டு தெரியாது. அதாவது, கிழிசலுக்குப் போடும் துணி.

டாக்டர் முதல் தடவை பேட்டிக்கு வந்தபோது அந்தத் துணியைத்தான் பிடித்துக்கொண்டார். எல்லோரும் மௌனமாக இருக்கும்போது கண்ணை மூடினார். கையை உயர்த்தினார். ஓர் இளம்பெண் பேசுகிறாள் என்றார். ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவனின் மனைவி என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது நான். "கதவைத் திறந்து வை, அம்மா" என்கிறாளாம்.

சிசெல் முந்தின ஆண்டு இறந்தாள். அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அதை மெரெத்தெ அப்போதே நிகழ்ச்சியில் சொல்லி எனக்காக வருந்தியிருந்தாள். கேட்டவர்கள் பல்லாயிரம் பேர். டாக்டருக்கும் காது உண்டே. மற்றபடி, சிசெல் உயிரோடு இருந்தவரை கதவைத் திறந்து வைத்தவர்களைத் திட்டித்தான் பழக்கம். வீட்டுச் சூடு வீணாகிவிடுமாம்.

அந்தப் பேட்டி ஊரெல்லாம் பரவியது. சிசெலின் அம்மா விபெகேவும் கேட்டார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். மறுநாளே என் சமையலறையில் கோட்டைக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார்.

"நீயும் அங்கதானே இருந்த. உனக்குக் கேக்கலையா?"

"இல்ல."

"ஹெட்போன் போட்டிருந்தியே."

"போட்டிருந்தேன். ஏசி சத்தம் கேட்டுச்சு."

"உனக்குக் காது மந்தம்னு அவ சொல்லிக்கிட்டேதான் இருந்தா."

சிசெல் அந்த ஸ்டூடியோவுக்கு வந்ததே இல்லை, அவள் போன பிறகுதான் அதைக் கட்டினார்கள் என்று சொன்னேன். டாக்டரின் புத்தகப்படியே கணக்கு உதைக்கிறதே என்றேன். விபெகே என்னைப் பார்த்த பார்வையில், கணக்கு டீச்சர் இல்லை.

"உன்னைத் தேடி வந்திருப்பா, ஆஸ்கெர்."

நான் எழுந்து கெட்டிலில் தண்ணீர் வைத்தேன்.

பிறகு டாக்டர் விபெகேவோடு தொலைபேசியில் பேசினார். கதவு என்றால் எந்தக் கதவு என்று இருவரும் சேர்ந்து யோசித்தார்கள். கடைசியில் கிடைத்துவிட்டது. விபெகேவின் கடலோர மர வீட்டுக் கதவு. சிசெல் நீச்சல் பழகிய இடம். கணவரும் போய், மகளும் போன பிறகு விபெகே வாய்விட்டுச் சிரிப்பது அந்த வீட்டில் இருக்கும் கோடை நாட்களில் மட்டும்தான். அந்த வீட்டை, டாக்டர் நடத்தும் 'மௌன இல்லம்' என்ற அமைப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது மகளின் விருப்பமாம். நூலகத்து மேடையில் மகள் இன்னொரு தடவை பேசட்டும், அங்கேயே அறிவித்துவிடுகிறேன் என்றார் விபெகே.

நான் வாதாடவில்லை. வாதாடினால் நான் அவர் மகளின் வாயைப் பொத்துவதாகத்தான் அவருக்குப் படும். ஆனால் எந்தச் சத்தம் யார் காதில் விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் ஒலிப்பலகை என் கையில் இருந்தது.

நூலகத்து மேடையில் எங்கள் பாட்காஸ்ட் நடத்திய அந்த நிகழ்ச்சிக்கு ஏற்பாடு இதுதான். இறந்தவரின் அறை மௌனத்தைத் தங்கள் போனில் பதிவு செய்து எல்லோரும் எனக்கு அனுப்பிவிட்டார்கள். நான் ஒவ்வொன்றாக ஓட விடுவேன். டாக்டர் மேடையில் ஹெட்போனில் கேட்டுச் சொல்வார். கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கிடையாது. பழகாத காதில் வெறும் இரைச்சல்தான் விழும், வீணாக மனம் உடையும் என்று டாக்டருக்குக் கருணை.

அரங்கம் நிறைந்தது. மெரெத்தெ புரண்டு எழுந்தாள். டாக்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

முதலில் ஒரு மீசைக்காரர். அவருடைய அப்பாவின் படுக்கையறை. டாக்டர் கண்ணை மூடினார். கப்பலில் வேலை பார்த்தவர், கடல் காற்று கேட்கிறது, யாரையும் குறை சொல்லாதே என்கிறார் என்றார். அப்பா தபால்காரர் என்றார் மீசை. கடலைக் கடந்து கடிதம் வரும் அல்லவா என்றார் டாக்டர். கூட்டம் தலையாட்டியது.

அடுத்து ஒரு தாதி. அவளுடைய பெரியம்மாவின் அறை. ஒரு பாட்டு முனகுகிறார், ஏதோ நகையைத் தேடச் சொல்கிறார் என்றார் டாக்டர். எந்த வீட்டில்தான் நகை தொலையவில்லை? தாதி அழுதாள். மூன்றாவது ஒரு தையல்காரி; அவளுடைய அம்மா எல்லாரையும் மன்னித்துவிட்டாராம். நான்காவது, யாரோ வளர்த்துச் செத்த நாய். நாயும் மன்னித்துவிட்டதாம்.

கடைசியில் விபெகே. சிசெல் பள்ளிக்கூட நாட்களில் படுத்த அறையின் மௌனம். அவர் முன்வரிசையில் கைப்பையை இறுகப் பிடித்திருந்தார். நான் ஒலிப்பலகைக்குப் பின்னால் குனிந்து ஒரு சின்ன வேலை பார்த்தேன். பிறகு தயார் என்று கட்டைவிரலைக் காட்டினேன்.

டாக்டரின் முகம் மலர்ந்தது.

"வந்துட்டா. இவ்வளவு தெளிவா நான் இதுவரைக்கும் எந்தக் குரலையும் கேட்டதில்ல. கதவைத் திறந்து வைம்மாங்கறா. கடல் தெரியுதும்மாங்கறா."

நான் எழுந்து நின்றேன். கையில் இருந்த ஒயர் முனையை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தேன்.

"டாக்டர், உங்க ஹெட்போன் ஒயர் இது. பலகையில மாட்டவே இல்ல."

அரங்கத்தில் அப்போதுதான் நிஜமான மௌனம் வந்தது. பதிவு செய்ய வேண்டிய மௌனம்.

மீசைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ எங்களுக்கெல்லாம் போட்டது?"

"அப்போ மாட்டியிருந்தேன். ஆனா நீங்க அனுப்புனது எதையும் போடல. எல்லாருக்கும் ஒரே பதிவுதான். எங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள போனை வச்சு எடுத்தேன்."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"ஊறுகாய் போட்ட ஹெர்ரிங் மீன்."

செத்ததுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் அது கப்பலில் வேலை பார்த்ததில்லை. யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு தாதி சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு மொத்த அரங்கமும்.

டாக்டர் சளைக்கவில்லை. சந்தேகப்படுகிறவன் பக்கத்தில் இருந்தால் குரல் வராது, அது அறிவியல் என்றார்.

விபெகே எழுந்தார். குரல் உயரவில்லை. கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் குரல் அது.

"வராம இருந்திருந்தா நான் உங்களை நம்பியிருப்பேன் டாக்டர். வந்துச்சே. ஒயரே இல்லாம வந்துச்சே. அதுதானே இப்போ பிரச்சினை?"

தனக்கு ஒயர் தேவையே இல்லை என்று டாக்டர் ஆரம்பித்தார். பின்னே எங்களை எதற்குப் பதிவு செய்து அனுப்பச் சொன்னீர்கள் என்று தையல்காரி கேட்டாள். டாக்டருக்கு அவசர வேலை நினைவுக்கு வந்தது. மேடைக்குப் பின்னால் இருந்த தீ விபத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறினார். அந்தக் கதவைத் திறந்தால் அபாய மணி அடிக்கும். அடித்தது. பழகாத காதுகள் எல்லாவற்றுக்கும் கேட்டது.

மெரெத்தெ என்னிடம் வந்தாள். மைக்கை அணைத்துவிட்டாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். "இது என்னை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். முதல் தடவையாக அவள் புரளாமல் நின்றதைப் பார்த்தேன். அடுத்த வாரம் வருபவர் மரங்களோடு பேசுகிறாராம். எந்த மொழியில் என்றாவது கேட்பாள் என்று நம்புகிறேன்.

நானும் விபெகேவும் கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். இலவங்கப்பட்டை பன் ஒன்றை வாங்கி இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளினார். வீடு வீடாகவே இருக்கும் என்றார். கோடையில் நீயும் வா, கூரைக்குத் தார் பூச ஆள் வேண்டும் என்றார். வருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் மென்றார்.

"அந்த ஆளைக் கேட்டேன், சுவரைக் கேட்டேன். கூட வாழ்ந்த உன்னை மட்டும் கேக்கல. அவ கடைசியா என்ன சொன்னா?"

"பெரிசா ஒண்ணும் இல்ல, விபெகே."

"பெரிசா வேண்டாம். நிஜமா வேணும்."

சொன்னேன். அவள் இறந்த அன்று காலை நான் குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். வெளியே மழை பெய்கிறதா என்று உள்ளே இருந்தபடியே கேட்டேன். கதவைச் சாத்துவதற்கு முன் சிசெல் சொன்னாள்:

"உன் பக்கத்துலதானே ஜன்னல் இருக்கு. எட்டிப் பாரேன், என்னை எதுக்குக் கேக்குற?"