பதினோராம் கேள்விக்கு மாமா எழுத மறுத்த பதில்

அன்புள்ள வீராயி அத்தைக்கு,

டெல்லி கரோல் பாக் ஹாஸ்டலிலிருந்து பரிமளா எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறீர்கள். பக்கத்துக் கடையில் டீ குடிப்பவர்கள்கூட என்னை நலம் விசாரிக்கிறார்கள். அதோடு, வாயால் சொல்ல வேண்டுமென்றால் "ஒண்ணுமில்ல அத்தை" என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் வராது என்பது உங்களுக்கே தெரியும்.

மாமாவும் நானும் இங்கே உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். மாமாவின் இடுப்பு வலி முன்புபோல் இல்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்வருகிறார். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

மாமாவைக் கிடங்கு வேலைக்குக் கூப்பிட்டது நான் என்பதால், நடந்ததைச் சொல்ல வேண்டியவளும் நான்தான். இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவருக்கு ஃபோர்க்லிஃப்ட் ஒரு பொருட்டா என்று நாம் எல்லோருமே நினைத்தோம். முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிச் சரக்கைத் தூக்கி அடுக்கும் சின்ன வண்டிதானே அது! ஆனால் அதில் ஏறுவதற்கு முன் மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுத வேண்டும் என்பது இங்கே விதி. வகுப்பு எடுப்பவள் நான். எதிரே பதினெட்டு பேர், எல்லோரும் என்னைவிட வயதில் பெரியவர்கள். முதல் நாள் நான் சொன்ன நமஸ்தே முன்வரிசைக்கே கேட்கவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து மாமா எழுந்து, "சத்தமாப் பேசு கண்ணு, காலையில சோறு தின்னியா இல்லியா?" என்றார். அன்றிலிருந்து பதினெட்டு பேருக்கும் நான் கண்ணு மேடம். பீகாரிலிருந்து வந்திருக்கும் இஸ்மாயில் அதுதான் என் பதவியின் பெயர் என்று நினைத்து, விடுப்புக் கடிதத்தில் "மதிப்பிற்குரிய கண்ணு மேடம் அவர்களுக்கு" என்றே ஹிந்தியில் எழுதிக் கொடுத்தார். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் பாடம்தான் முக்கியமானது. வண்டி பக்கவாட்டில் சாய்ந்தால் ஓட்டுபவர் குதிக்கக் கூடாது. குதித்தால் தலைக்கு மேல் இருக்கும் இரும்புக் கூரை அவர் மேலேயே வந்து விழும். பெல்ட்டோடு அப்படியே உட்கார்ந்து, ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, வண்டி சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடம்பைச் சாய்க்க வேண்டும். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், ஏனென்றால் கிடங்கில் ஏசி உள்ள ஒரே அறை அதுதான், அதனால் செய்து காட்டினால் விழித்துக்கொள்வார்கள் என்று நினைத்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, துப்பட்டாவையே பெல்ட்டாகக் கட்டிக்கொண்டு, தரையில் மெத்தை விரித்துவிட்டு, இஸ்மாயிலை மெதுவாகச் சாய்க்கச் சொன்னேன், அவரும் சாய்த்தார், நானும் சொன்னபடி அசையாமல்தான் விழுந்துகொண்டிருந்தேன், அதற்குள் மாமா இரண்டு வரிசையைத் தாண்டிக் குதித்து வந்து நாற்காலியோடு என்னைத் தூக்கி நிறுத்திவிட்டார். தூங்கியவர்கள் எல்லாம் எழுந்து கைதட்டினார்கள்.

"ஏன் மாமா பிடிச்சீங்க? விழறதுதான் பாடமே!"

"புள்ள விழறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றியா? நல்ல பாடம் நடத்துற போ."

"வாஹ், உஸ்தாத்!" என்றார் இஸ்மாயில். பாடம் அத்தோடு முடிந்தது.

மூன்றாம் நாள் பரீட்சை. கேள்விகளை ஒவ்வொன்றாக மாமாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். இருபதில் பத்தொன்பது சரி. வகுப்பிலேயே அதிகம். ஆனால் பதினோராம் கேள்வி கட்டாயக் கேள்வி; அது தப்பானால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. வண்டி சாய்ந்தால் என்ன செய்வீர்கள் என்பதுதான் அது. மாமா "குதிப்பேன்" என்பதில் டிக் போட்டு, பக்கத்தில் தமிழில் "தொப்பூரில் இப்படித்தான் பிழைத்தேன்" என்றும் எழுதியிருந்தார். மறுநாள் இரண்டாம் முறை எழுத வைத்தேன். மறுபடியும் அதே டிக். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பதில் எனக்குத் தெரியும் கண்ணு. எழுத மாட்டேன்."

"ஏன் மாமா?"

"தொப்பூர்ல பிரேக் புடிக்காம லாரி போனப்ப குதிச்சேன் இல்ல? அன்னிக்கி ஆஸ்பத்திரியில உங்க அத்தை என் கையை எடுத்து அவ தலைமேல வெச்சுக்கிட்டா. எந்த வண்டியா இருந்தாலும், என்ன சரக்கா இருந்தாலும், விட்டுட்டுக் குதிச்சிருவேன்னு சத்தியம் வாங்குனா."

"இது வெறும் டிக்தானே மாமா?"

"எழுதிக் குடுத்துட்டு அதும்படி நடக்கலேன்னா பொய்யி. நடந்தா அவ தலையில அடிச்ச சத்தியம் போச்சு. எதுக்கு எனக்கு ரெண்டு பாவமும்?"

 அதற்குப் பதில் பயிற்சிப் புத்தகத்தில் இல்லை, தேடிப் பார்த்தேன். என் மேலதிகாரி மேதா மேடத்திடம் விஷயத்தைச் சொன்னபோது, அவர் லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "அரே, ஒரு டிக்தானே? நீயே போட்டுடு. யார் பார்க்கப் போறாங்க? ஜல்தி பேப்பரைக் குடு" என்றார். பேனாவை எடுத்தேன், அத்தை. மூடி வைத்துவிட்டேன். போன வருஷம் இதேபோல் ஒரு வண்டி வேறொரு கிடங்கில் சாய்ந்து, ஓட்டியவர் குதித்த படத்தை நான் பயிற்சியில் பார்த்திருக்கிறேன். அதை உங்களுக்கு எழுத மாட்டேன். "நஹீ மேடம்" என்றேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள், அவ்வளவு சத்தமாக வந்துவிட்டது.

வரும் திங்கட்கிழமை கடைசி வாய்ப்பு. தவறினால் மூட்டை தூக்கும் பிரிவு என்று மேடம் சொல்லிவிட்டார். மாமாவின் இடுப்பு அதை இரண்டு நாள்கூடத் தாங்காது.

மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை. உங்களிடம் எதுவும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. சும்மா நலம் விசாரிக்கத்தான். எழுதியது மாமாவுக்குத் தெரிய வேண்டாம். அங்கே எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். முருகன் உங்கள் முழங்காலையும் எங்கள் கிடங்கையும் ஒருசேரக் காக்கட்டும்.

உங்கள் அன்பு மருமகள்,
பரிமளா

பின்குறிப்பு: நலம் விசாரிக்க எழுதவில்லை அத்தை. கேட்பதற்குத்தான் எழுதினேன். நீங்கள் வாங்கிய சத்தியம் தப்பென்று நான் சொல்லவில்லை. அன்று குதித்ததுதான் அவரைக் காப்பாற்றியது. ஆனால் இந்த வண்டிக்கு அது ஆகாது. தபால் வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மாமா போன் செய்வார். அப்போது அந்தச் சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வண்டியோடு உட்கார்ந்திருக்கும்படி உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். நான் சொல்லிக் கொடுத்தால் அவர் பரீட்சையில் தேறலாம், அவ்வளவுதான். வண்டி சாயும்போது அவர் காதில் கேட்கப்போவது உங்கள் குரல். அது குதிக்கச் சொல்ல வேண்டாம், அத்தை.