கிரிக்ஹில் தோட்டத்தின் ஒற்றைச் சங்கு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் பெயர் நமக்குத் தெரியாது. முதன்முதலில் நெருப்பு மூட்டியவர் பெயரும் தெரியாது. ஆனால் மனித குலத்தின் மூன்றாவது மகத்தான கண்டுபிடிப்பாகிய 'ஒற்றை ஓசைத் திட்ட'த்தை உலகுக்கு அளித்தவர் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். கிரிம்ஷா துரை. எங்கள் கிரிக்ஹில் தோட்டத்துச் சின்னத்துரை. அந்தத் திட்டத்தின் கௌரவக் காரியதரிசி அடியேன். 'கௌரவ' என்றால் அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது என்று பொருள்.

ராகலையிலிருந்து வலப்பனைக்குப் போகும் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறினால் கிரிக்ஹில் வரும். ஆங்கிலம் நாவில் புரளாத ஜனங்கள் அதைக் 'கிறுக்கில் தோட்டம்' என்பார்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து நான்காம் வருஷம் நான் அங்கே ஆபீஸில் இரண்டாவது கிளாக்கர்.

திட்டத்துக்கு முன்னால் தோட்டம் எத்தனை பின்தங்கிக் கிடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். விடியலில் மூக்கன் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு நடுவே நின்று தப்பு என்னும் பறையை அடிப்பான். ஆட்கள் எழுந்து பெரட்டுக்களத்துக்கு வந்து வேலைக்குப் பேர் கொடுப்பார்கள். ஸ்டோர் என்று அவர்கள் அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலையில் சங்கு ஊதினால் கொழுந்து நிறுக்க வருவார்கள். அரிசி போடும் நாளில் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். மலையில் தேநீர் வேளைக்குக் கங்காணி விசில் ஊதுவார். வேலை நேரத்தில் கைப்பிள்ளைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவில் வீரம்மா ஆயா வெண்கல மணியை ஆட்டினால், கைப்பிள்ளைக்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவார்கள். யாராவது செத்துப்போனால் மறுபடியும் மூக்கன், மறுபடியும் தப்பு. அடி மட்டும் வேறு.

இத்தனை ஓசையிலும் யாரும் குழம்பியதில்லை. அதுதான் பெரிய குறை. குழப்பமே இல்லாத இடத்தில் சீர்திருத்தம் எப்படி முளைக்கும்?

அந்த வேளையில்தான் கிரிம்ஷா துரை கொழும்பில் ஒரு நிர்வாகப் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தார். போகும்போது சாதாரண மனிதராகப் போனவர், வரும்போது 'இரட்டிப்பு' என்ற சொல்லுடன் வந்தார். ஒரே காரியம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்தால் அது இரட்டிப்பு. அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்ததை ஒன்றாக்க வேண்டும். துரை காலை உணவுக்கு முட்டையை விட்டுவிட்டு இரட்டிப்பைத் தேடப் புறப்பட்டார். பின்னால் நான்.

முதலில் அகப்பட்டவன் மூக்கன். துரை தமிழ்ப் பரீட்சை பாஸ் செய்தவர். அவர் கற்ற தமிழில் ஏவல் வினை மட்டும்தான் இருந்தது.

"காலைக்குத் தப்பு. சாவுக்குத் தப்பு. ஏன்? சொல்!"

"ரெண்டும் வேறங்க தொரை," என்றான் மூக்கன். "காலையில அடிச்சா எந்திரிக்கணும். சாவுக்கு அடிக்கிறது, இனி எந்திரிக்காத ஆளுக்குங்க."

துரை என்னைப் பார்த்தார். இரண்டும் எழுந்திருப்பது சம்பந்தமானவை என்று நான் சுருக்கமாக மொழிபெயர்த்தேன்.

"இரட்டிப்பு!" என்றார் துரை, தங்கச் சுரங்கம் கண்டவர் போல.

அடுத்து விசிலும் வெண்கல மணியும் அகப்பட்டன. தேநீர் வேளையில் தாய் குடிக்கிறாள். பால் வேளையில் பிள்ளை குடிக்கிறது. இரண்டும் குடிப்பதுதானே? இரண்டுக்கும் தனித்தனி இடைவேளை எதற்கு? மலையிலேயே, தேநீர் வேளையிலேயே, இரண்டும் முடிந்துவிட வேண்டியது. பிள்ளைக்காம்பரா மலையடிவாரத்தில் இருப்பதும், பிள்ளைகள் ஏறி வரும் வயதில் இல்லை என்பதும் 'நடைமுறை விவரங்கள்'. உயர்ந்த சிந்தனை நடைமுறை விவரங்களில் கால் வைப்பதில்லை.

திட்டத்தை விளக்க ஆபீஸ் வராந்தாவில் கூட்டம் நடந்தது. இனிமேல் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஸ்டோர்ச் சங்கு ஒன்றுதான் என்று அறிவித்தார் துரை. பெரிய கங்காணி சோலைமலை தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"தொரை கோவிச்சுக்கப்படாது. எல்லாத்துக்கும் ஒரே சங்குன்னா, ஊதுறது எதுக்குன்னு எப்படிங்க தெரியும்?"

"வா! பார்! தெரியும்!"

இதைவிட எளிய பதிலை நான் எங்கும் கேட்டதில்லை. கங்காணியும் கேட்டதில்லை போலிருக்கிறது. தலைப்பாகையைக் கட்டிக்கொள்ள மறந்து அப்படியே போய்விட்டார்.

அன்றே என் கைப்பட ஆபீஸ் கதவில் நோட்டீஸ் ஒட்டினேன்: 'நாளை முதல் இத்தோட்டத்தில் தப்பு நடவாது.' வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசித்துவிட்டு ஏனோ சிரித்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் விஷயத்தைக் கேட்டுவிட்டு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

திட்டம் தொடங்கியது. சங்கு ஊதினால் கொழுந்துக் கூடையோடு சிலர் வந்தார்கள். அரிசிச் சாக்கோடு சிலர் வந்தார்கள். கிழவர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, செத்தது யார் என்று கேட்டபடி வந்தார்கள். எல்லோரும் வந்து பார்த்தார்கள். பாதிப் பேர் திரும்பிப் போனார்கள்.

துரை தளரவில்லை. ஸ்டோர்க் கூரைமேல் கொடிக்கம்பம் நட்டு, வேலைக்குச் சிவப்பு, அரிசிக்கு வெள்ளை, சாவுக்குக் கறுப்பு என்று ஏற்பாடு செய்தார். மலையில் பனிமூட்டம் இறங்கினால் கொடி தெரியவில்லை. கொடி தெரியாவிட்டால் சங்கு காரியத்துக்கேற்ப நீட்டியும் குறுக்கியும் ஊதும் என்றார். எதிர்க்காற்று அடித்தால் நீட்டலும் குறுக்கலும் ஒன்றாகக் கேட்டன. எதிர்க்காற்று நாளில் கொடிக்குக் கீழே ஓர் ஆள் நின்று கொடியின் நிறத்தைக் கத்திச் சொல்வான் என்றார். கத்தலைக் கேட்க முதலில் ஜனங்கள் வாயை மூட வேண்டுமே! ஆகவே 'ஓசை விளக்க உதவியாளர்' என்ற பதவி உண்டாக்கப்பட்டு, அதில் மூக்கன் நியமிக்கப்பட்டான். கத்துமுன் கவனத்தை ஈர்க்க அவன் தோல் கருவி ஒன்றை அடிக்கலாம் என்று அனுமதியும் தரப்பட்டது. அது தப்பு அன்று. 'விளக்க முன்னறிவிப்பு.'

இப்படி எல்லாம் எளிமையாகிக்கொண்டு வரும்போதுதான் பூரணி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். நல்ல கொழுந்துக்காரி. தலைச்சன் பிள்ளைக்காரி. சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கதவுநிலையைப் பார்த்துப் பேசினாள்.

"கிளாக்கரய்யா, பிள்ளை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சுங்க. ஆயா சீனித்தண்ணி குடுக்குது. அதைக் கக்கிப்புடுது. எனக்கு இங்க பால் கட்டிக்கிட்டுக் காய்ச்சல் வருது. மணி அடிக்கச் சொல்லுங்கய்யா."

"மணி ஒழிக்கப்பட்டுவிட்டது."

"பிள்ளை கத்துறது கேக்கலீங்களா?"

"கேட்கிறது. ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட ஓசை அல்லவே," என்று பொறுமையாக விளக்கினேன்.

அவள் கதவுநிலையை விட்டு என்னைப் பார்த்தாள். பிறகு, "சங்குதான் எல்லாத்துக்கும்னு தொரை சொன்னது மெய்தானுங்களே?" என்று கேட்டாள்.

"சந்தேகமே வேண்டாம்."

"அப்ப சரிங்க," என்று போய்விட்டாள். ஒரு தொழிலாளி இத்தனை சீக்கிரம் திட்டத்தைப் புரிந்துகொண்டது எனக்கு மெத்தப் பெருமையாக இருந்தது.

அந்த மாதமே கொழும்புக் கம்பெனியிலிருந்து தோட்டத்தைப் பார்வையிடும் பெரிய அதிகாரி வந்தார். அவர் முன்னால் ஒரே ஒரு தடவை சங்கு ஊத வேண்டும், முழுத் தோட்டமும் பெரட்டுக்களத்தில் திரள வேண்டும் என்று கிரிம்ஷா துரை தீர்மானித்தார். அத்தகைய எளிய திட்டத்துக்கு விளக்க உதவியாளர் ஒருவர் இருப்பது தெரிந்தால் இழுக்கல்லவா? ஆகவே மூக்கனை, அவனுடைய தோல் கருவியுடன், ஸ்டோர் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் தட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம்.

சங்கு ஊதியது. பனிமூட்டம் கூரைவரை இறங்கியிருந்தது. கொடி தெரியவில்லை. விளக்க ஆளில்லை.

பெரட்டுக்களத்தில் பெரிய அதிகாரி, கிரிம்ஷா துரை, சோலைமலைக் கங்காணி, நான், ஒரு நாய். வேறு யாரும் வரவில்லை. அரிசிக் களஞ்சியத்தின் முன்னால் ஆண்கள் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். கீழ்லயத்திலிருந்து ஒப்பாரி கிளம்பியது. கிழவர்கள் தங்களுக்குள் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: சாவுச் சங்கு ஊதியும் மூக்கனைக் காணோம், ஆகையால் செத்தது மூக்கன்தான். அவன் மனைவி ராக்காயி தலையை விரித்துப் போட்டு அழத் தொடங்கிவிட்டாள். மேல்மாடியில் இருந்த மூக்கனுக்கு ஒப்பாரி கேட்டிருக்கிறது. கடமை தவறாதவன். பின்படியால் இறங்கி ஓடி, கூட்டத்துக்கு வெளியே நின்று முறைப்படி சாவு அடி அடிக்க ஆரம்பித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "யாருங்க செத்தது?" என்று கேட்டிருக்கிறான். ராக்காயி திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவனுக்கு விழுந்த அடிக்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை.

"பெண்கள் எங்கே?" என்றார் பெரிய அதிகாரி.

பெண்கள் பிள்ளைக்காம்பராவில் இருந்தார்கள். கைப்பிள்ளைக்காரிகள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் துணைக்கு வந்து வாசலில் நின்றார்கள். அதிகாரி உள்ளே ஓர் அடி வைத்தார், சிவந்தார், திரும்பி நின்று சுவரில் தொங்கிய வெண்கல மணியை மிகுந்த அக்கறையோடு பார்த்தார். சுவரைப் பார்த்தபடியே விசாரணை நடந்தது. நான் மொழிபெயர்த்தேன்.

"யார் வரச் சொன்னது?"

"சங்குதானுங்க," என்றாள் பூரணி.

"அது இதற்குத்தான் ஊதியது என்று எப்படித் தெரியும்?"

"வந்து பார்த்தா தெரியும்னு தொரைதானுங்க சொன்னாங்க. வந்தோம். பார்த்தோம். பிள்ளைக பசியா இருந்துச்சுக. தெரிஞ்சுபோச்சு."

கிரிம்ஷா துரையின் முகம் வேலைக்கொடியின் நிறமாயிற்று. "இவளுக்குப் பத்துச்சீட்டு! எழுது! இப்போ!" என்று என்னிடம் கத்தினார். பத்துச்சீட்டு கையில் கிடைத்தால் வேலை போனது என்று பொருள். லயத்துக் காம்பராவையும் விட்டு இறங்க வேண்டியதுதான். பூரணி பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை, பிள்ளை இன்னும் குடித்து முடிக்கவில்லை.

வாசலில் துணைக்கு நின்றவர்களில் அழகம்மா என்பவள் முன்னால் வந்தாள். "கிளாக்கரய்யா, தொரைகிட்டச் சொல்லுங்க. எங்க எல்லாருக்கும் அதே சங்குதான் கேட்டுச்சு, நாங்க எல்லாரும்தான் வந்தோம். ஒரே குத்தத்துக்கு ஆளுக்கொரு சீட்டு எழுதினா அது ரெட்டிப்பு ஆயிருமே. ஒரே சீட்டா எழுதுங்க. எல்லாரும் அதையே எடுத்துக்கிட்டு எறங்கிப் போறோம்."

"ஆமாங்க, ஒண்ணே போதும்," என்றார்கள் பின்னால் நின்றவர்கள்.

மொழிபெயர்த்தேன். பெரிய அதிகாரி முதல் தடவையாகச் சுவரை விட்டுத் திரும்பினார். மழை விட்டுக் கொழுந்து பொங்கிக் கிடந்த நேரம் அது. பறிக்காவிட்டால் முற்றிப்போகும். அவர் கிரிம்ஷா துரையிடம் ஆங்கிலத்தில் ஏதோ மெதுவாகச் சொன்னார். அதை மொழிபெயர்க்கும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் பேனாவை மூடிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து எதற்குச் சங்கு ஊதினாலும் கைப்பிள்ளைக்காரிகள் மலையை விட்டு இறங்கிப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனார்கள். சங்கோ நாள் முழுதும் ஊதிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கொழுத்தன, கொழுந்து குறைந்தது. கடைசியில் வெண்கல மணி 'துணை ஓசை' என்ற பெயரில் திரும்ப வந்தது. பின்னாலேயே தண்டவாளமும் விசிலும் தப்பும் துணை ஓசைகளாக வந்து சேர்ந்தன. ஆக, எளிமைப்படுத்தலின் பயனாக எங்கள் தோட்டத்தில் முன்பிருந்த ஓசைகள் அத்தனையும் இருந்தன. கூடுதலாகக் கொடிகளும், ஒரு கம்பமும், விளக்க உதவியாளர் பதவியும், எல்லாவற்றுக்கும் ஊதும் ஒரு சங்கும் இருந்தன. இந்தச் சாதனைக்காகக் கிரிம்ஷா துரையைக் கம்பெனி கொழும்புக்கு அழைத்து, தன் மற்றத் தோட்டங்களையும் எளிமையாக்கும் பொறுப்பை ஒப்படைத்தது.

போகுமுன் துரை பங்களாவில் இறுதி ஆய்வுக் கூட்டம் நடத்தினார். எல்லோருக்கும் நல்ல தேநீர் கிடைத்தது. குறை எங்கே நேர்ந்தது என்று நெடுநேரம் ஆராய்ந்தோம். சங்கில் குறையில்லை, கொடியில் குறையில்லை, திட்டத்தில் அறவே இல்லை. தோட்டத்துக்கு வேண்டியது வேலை ஒன்று. அதற்கு ஓசை ஒன்று தாராளமாகப் போதும். இந்தத் தொழிலாளிகளோ வேலையோடு நில்லாமல் பசி, பிள்ளை, சாவு என்று தேவைக்கு மேற்பட்ட பலவற்றை வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சிக்கலாக்கிவிட்டார்கள். அவற்றை நீக்கினால் திட்டம் முழு வெற்றி பெறும் என்று ஒருமனதாக முடிவாயிற்று.

அதை நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்தேன். முழுவதும் வாசித்துப் பார்த்த துரை, ஒரு பிழைகூட இல்லை என்று என் தோளில் தட்டினார்.