பினாங்குக் காலேஜ் எங்கள் வீட்டுக்கு வந்த கதை

என் மகள் இக்ராவை ரங்கூனை விட்டு எங்கேயும் அனுப்புவதில்லை என்று நான் முடிவு செய்தேன். முடிவை மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது முடிவாக இருந்திருக்காது. விண்ணப்பமாக மாறியிருக்கும்.

என் பெயர் தஸ்தகீர். மிங்கலா தாங்ஞுன்ட் மார்க்கெட்டில் பூட்டுக் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேர் வீட்டுக் கதவை என் பூட்டுதான் காக்கிறது. பசுந்தாங்கில் இருக்கும் என் வீட்டில் மட்டும் எது திறக்கும், எது மூடும் என்பதை என் மனைவி சாயிமா தீர்மானிப்பாள்.

சாயிமாவின் தங்கை அஸ்மா பினாங்கில் இருக்கிறாள். பள்ளி முடிந்ததும் இக்ராவை அங்கே காலேஜில் சேர்க்க வேண்டும் என்பது சாயிமாவின் ஆசை. பள்ளி முடிய இரண்டு வருஷம் இருந்தது. ஆனால் அக்காளும் தங்கையும் ஃபோனில் பேசுவதைக் கேட்டால், வாசலில் விமானம் நிற்பதுபோல இருக்கும். ஒரே பிள்ளை. கீழே நின்று நான் கயிற்றை இழுத்து மணியடித்தால் ஐந்தாம் மாடியிலிருந்து சாவியை இறக்கிவிடுவது அவள்தான்.

அப்போதுதான் பள்ளியிலிருந்து பெற்றோரைக் கூப்பிட்டார்கள். சாயிமாவுக்கு அன்று தலைவலி. நான் மட்டும் போனேன்.

இக்ராவின் வகுப்பு சயாமா, அதாவது டீச்சரம்மா, ஆண்களுக்கு ஊ, பெண்களுக்கு டோ என்று பர்மிய மரியாதை போட்டே பேசுவார். அவர் மூன்று வழிகளைச் சொன்னார். ஒன்று, எல்லாரும் படிக்கும் சாதாரண வகுப்பு. இரண்டாவது, அதே பாடத்தை இன்னும் ஆழமாகப் படித்துக் கடைசியில் பெரிய பரீட்சை எழுதும் மேல்நிலை வகுப்பு. அந்த மார்க்கைக் காலேஜ் ஏற்றாலும் ஏற்கும், ஏற்காமலும் போகும். மூன்றாவது, பள்ளியில் இருக்கும்போதே காலேஜின் முதல் வருஷப் பாடத்தைப் படிப்பது. பாஸானால் காலேஜில் பிள்ளை பேரில் கிரெடிட் ஏறிவிடும்.

"எங்க கடையில கிரெடிட் கிடையாதுன்னு போர்டே மாட்டியிருக்கேன், சயாமா" என்றேன்.

"இது வேற கிரெடிட், ஊ தஸ்தகீர். பினாங்குல ஒரு காலேஜ் இதை நடத்துது. பிள்ளை வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல படிக்கலாம்."

பினாங்கு. வீட்டில் இருந்தே. இந்த இரண்டும் காதில் விழுந்த பிறகு சயாமா இன்னும் நிறையப் பேசினார். நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் உள்ளே போகவில்லை. முதல் வருஷத்தை வீட்டில் படிக்கலாம் என்றால் இரண்டாம் வருஷத்தையும் வீட்டில் படிக்கலாம். மூன்றாம் வருஷம் மட்டும் என்ன பாவம் செய்தது? பினாங்குக்குப் போகாமலே பினாங்குப் பட்டம். சாயிமாவால் குறை சொல்லவே முடியாது. படியிறங்கும்போது என் புத்தியை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னேன்.

"வேணாங்க" என்றாள் சாயிமா.

"நீ ஆசைப்பட்ட பினாங்குக் காலேஜ்தானே?"

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு எதுக்குங்க காலேஜ் பாடம்? தாங்குவாளா?"

"என் மக தாங்குவா."

"அவ தாங்குவா. இந்த வீட்டு கரெண்ட் தாங்குமா? எப்ப வருது, எப்ப போகுதுன்னு யாருக்குத் தெரியும்?"

"பெரிய பேட்டரி வாங்குறேன்."

"அஞ்சு மாடி யாரு தூக்குறது?"

"நான்தான்."

"இடுப்பு?"

"என் இடுப்பு, என் பாடு."

சாயிமா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் வேணாம்னுதான் சொல்றேன். பின்னாடி என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

இக்ராவைக் கேட்டேன். தமிழில் கேட்டால் பர்மியத்தில் பதில் சொல்லும் பிள்ளை அவள். அன்று அதிசயமாகத் தமிழிலேயே, "வாப்பா சொன்னா சரி" என்றாள். அறைக்குள் போய்ச் சிரிப்பது கேட்டது. படிப்பின் மேல் இவ்வளவு ஆர்வமா என்று நெகிழ்ந்து போனேன்.

பேட்டரியைத் தூக்கினேன். இரண்டாம் மாடியில் இடுப்பு லோஞ்சி அவிழப் பார்த்தது. நான்காம் மாடியில் உயிர் அவிழப் பார்த்தது. அன்றிலிருந்து வீட்டில் வகுப்பு நடந்தது. கணக்கியல், புள்ளியியல், பொருளாதாரம் என்று என் மகள் கூடத்தில் உட்கார்ந்து காலேஜ் படித்தாள். மாதம் ஒருமுறை சாயிமா, "பிள்ளை இளைச்சுட்டா. நிறுத்திடலாங்க" என்பாள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு வீராப்பு ஏறியது. பக்கத்து வீட்டு டிவியை அடக்கினேன். மாடிப்படியில் பந்து விளையாடிய பிள்ளைகளை விரட்டினேன். வகுப்பு நேரத்தில் நானே மூச்சை மெதுவாகத்தான் விட்டேன்.

கடைசிப் பரீட்சை நாள் வந்தது. கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். லைன் நடுவில் அறுந்தால் பரீட்சை செல்லாது. மொத்தப் பாடத்தையும் திரும்பப் படிக்க வேண்டும்.

காலையிலேயே கரெண்ட் போனது. பேட்டரி இருக்கிறது என்று சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் தெருவுக்கே இன்டர்நெட் போனது. சிரிப்பு நின்றது. இக்ராவின் முகம் வெளுத்துவிட்டது. பரீட்சை தொடங்க இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

"விடுங்க" என்றாள் சாயிமா. குரல் தழுதழுத்தது. "நம்ம நசீபு அவ்வளவுதான்."

"விடுறதா? செருப்பைப் போடும்மா இக்ரா."

கியாக்டடாவில் என் நண்பன் குழந்தைவேலு அச்சகம் வைத்திருக்கிறான். அவனிடம் ஜெனரேட்டர் உண்டு, தனி இன்டர்நெட் லைன் உண்டு. டாக்ஸி பிடித்தோம். சூலே பகோடாவைச் சுற்றி பஸ்கள் பிதுங்கி நின்றன. வண்டி நகரவில்லை. இக்ரா நகத்தைக் கடித்தாள். நான் என் நகத்தைக் கடித்து முடித்திருந்தேன். இறங்கி ஓடினோம். மழை வேறு. லேப்டாப்பை என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

அச்சகத்தில் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்து வேலு. சத்தம் கேட்டா செல்லாதுன்னுடுவாங்க."

"கல்யாணத்துக்குத் தாம்பூலக் கவர் அடிக்கிறேன்யா. கல்யாணம் நாளைக்கு."

"என் மகளுக்குப் பரீட்சை இன்னைக்கு."

வேலு என் முகத்தைப் பார்த்தான். மெஷினை நிறுத்தினான். இக்ரா உள்ளறையில் உட்கார்ந்தாள். லைன் கிடைத்தது. நான் கதவைச் சாத்தி வெளியே காவல் நின்றேன்.

பாதியில் ஜெனரேட்டர் இருமியது. டீசல் தீர்கிறது. அந்த நேரத்துக்கு டீசல் வாங்க வரிசையில் நின்றால் பரீட்சை முடிந்து ரிசல்ட்டும் வந்துவிடும். அப்போது கவரை வாங்க ஒரு வேன் வந்து நின்றது. கல்யாணப் பெண்ணின் தகப்பனார் அய்யாசாமி என்பவரே வந்திருந்தார். வேன் டீசல் வேன். முன்பின் தெரியாத அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் டீசல் குடுங்கண்ணே. உள்ள என் மக பரீட்சை எழுதுறா."

அவர் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். ரப்பர் குழாயை வேலுவிடம் வாங்கித் தானே டீசலை உறிஞ்சி எடுத்துக் கொடுத்தார். இருமல் நின்றது. இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எனக்கு ஒரே பொண்ணு" என்றார் அய்யாசாமி. "நாளைக்கு மாண்டலே போயிடுவா. வீட்டுக்குள்ள போகவே பயமா இருக்கு தம்பி."

அவர் தோளில் கை வைத்தேன். ஆனாலும் எனக்குள் ஒரு நிம்மதி. "என் பொண்ணு எங்கேயும் போக மாட்டாண்ணே" என்றேன்.

இக்ரா பாஸானாள். சாதாரண பாஸ் இல்லை, எல்லாப் பாடத்திலும் முதல் தரம். சயாமா எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்த முறை சாயிமாவுக்குத் தலைவலி இல்லை.

"வாழ்த்துகள், ஊ தஸ்தகீர். முதல் வருஷக் கிரெடிட் முழுசா ஏறிடுச்சு. இனிமே இவ பள்ளியில கடைசி வருஷம் படிக்க வேண்டாம். காலேஜ் இவளை நேரா இரண்டாம் வருஷத்துல சேர்த்துக்குது. அடுத்த மாசம் வகுப்பு."

"வீட்டுல இருந்தேதானே சயாமா?"

"வீட்டுல இருந்து படிக்கிறது பள்ளிப் பிள்ளைங்களுக்கு மட்டும். இனிமே பினாங்கு போகணும். அன்னைக்கே சொன்னேனே. நீங்களும் தலையாட்டினீங்க." அவர் சாயிமா பக்கம் திரும்பினார். "டோ சாயிமா மீட்டிங்குக்கு முந்தின நாளே வந்து எல்லாம் விவரமாக் கேட்டுட்டுப் போனாங்க. அவங்களுக்குத் தெரியும்."

சாயிமா கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பினோம். மாடியேறும்போது இடுப்பு வலித்தது. உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"இன்னும் ஒரு வருஷம் எங்கிட்ட இருந்திருப்பா. அதையும் நானே குறைச்சுட்டேன்."

சாயிமா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் வேணாம்னுதானே சொன்னேன்?"

"சொன்னே."

"வேணும்னு சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

டம்ளரைக் கீழே வைத்தேன். உள்ளே இக்ரா ஃபோனில் அஸ்மாவோடு பேசும் சத்தம் கேட்டது. சந்தோஷமாகத்தான் பேசினாள். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. இரண்டையும் விழுங்கினேன். அப்போது கடைசியாக ஒரு நம்பிக்கை தோன்றியது.

"அதெப்படி அடுத்த மாசம் போக முடியும்? பாஸ்போர்ட் வேணாமா? இப்ப மனு போட்டா எப்பக் கிடைக்குமோ."

"போன வருஷமே எடுத்தாச்சுங்க" என்றாள் சாயிமா. "வெயில்ல எங்க ரெண்டு பேருக்கும் குடை பிடிச்சு வரிசையில நின்னதே நீங்கதான். மக்காவுக்கு உம்ரா போறோம்னு நீங்களா நினைச்சுக்கிட்டீங்க."