உபன்யாசப் போட்டிக்கு ஆர்மோனியத்தோடு போனேன்

உபன்யாசம் என்ற ஒரு சொல்லால் நான் மானம் இழந்தேன் என்று எங்கள் குடும்பத்தில் சொல்வார்கள். இழந்தது உண்மை. தப்பு என்னுடையது என்பதை மட்டும் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. இனியும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழும் மலையாளமும் கலந்த எல்லைப்பக்கம், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கடலைக்காடு. நான் பத்தாம் வகுப்பு முடித்திருந்தேன். "பொம்பளப் புள்ளைக்கு இது போதும்" என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். அப்போதுதான் வாசகசாலைச் சுவரில் மலையாளத்தில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தேன்: "உபந்யாஸ மல்சரம்." மல்சரம் என்றால் போட்டி. உபன்யாசம் எனக்குத் தெரியாதா என்ன? புரட்டாசி தவறாமல் பெருமாள் கோயிலில் கேட்டு வளர்ந்தவள் நான். (கீழே இன்னும் நாலு வரி இருந்தது. முதல் வரி புரிந்த பெருமையில் மிச்சத்தைப் படிக்கவில்லை.)

"பரிசு வாங்கினா காலேஜுக்கு அனுப்பறீங்களாப்பா?"

அப்பா சிரித்தார். "மொதல்ல வாங்கு கண்ணு, அப்பறம் பாக்கலாம்."

அம்மாவின் தம்பி ராமு மாமா பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவர். "சுதி இல்லாத உபன்யாசமா?" என்று அவரும் கிளம்பிவிட்டார். பத்து நாள் குசேலர் கதையை உருப்போட்டேன். போட்டியன்று பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம், நெற்றியில் சந்தனம். அப்பா முன்னால் நடக்க, மாமா ஆர்மோனியத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையில் போட்டி. இருபது பேர் ஆளுக்கொரு பேனாவோடு குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். (பாவம், குறிப்பெடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.) அப்பா ஜன்னலுக்கு வெளியே மரத்தடியில் நின்றுகொண்டார். நான் நேராக முன்னால் போய், ஆர்மோனியத்தை மேசைமேல் வைக்கச் சொன்னேன். மாமா துருத்தியை அமுக்கினார். இருபது தலைகளும் நிமிர்ந்தன.

போட்டி நடத்தும் மலையாள வாத்தியார், எல்லோரும் மாஷ் என்று கூப்பிடுபவர், வந்து நின்றார். "இது எந்தா குட்டீ? இவிடெ எழுத்தாணு, பாட்டல்ல." இங்கே எழுத வேண்டும், பாட்டெல்லாம் இல்லை என்கிறார்.

"உபன்யாசம்னு தானுங்க சார் போட்டிருக்கீங்க. உபன்யாசம்னா பேசறதுங்க."

அவர் பொறுமையாகத் தமிழில் சொன்னார். "மலையாளத்தில உபந்யாஸம்னா கட்டுரை."

காது சூடாகிவிட்டது. அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் மரத்தடியில் அப்பா நின்றாரே. "ரெண்டு பாஷை பேசற ஊருங்க இது. நோட்டீஸு ரெண்டு பேருக்கும் புரியோணுமில்லீங்களா?" என்றேன்.

மேற்பார்வைக்கு நின்ற இந்தி டீச்சர் இடையில் புகுந்தார். "இந்தியில உபன்யாஸ்னா நாவல்." மாஷ் அவரை முறைத்தார். தண்ணீர்க் குடத்தோடு வந்த பியூன் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "எங்கூட்டுல உபன்யாசம்னா மீட்டிங்ல பேசறதுங்க சார். அந்தப் புள்ள சொல்றதுதான் சரி" என்றார்.

"பேசறதுக்கு ரெண்டு பாஷை, எழுதறதுக்கு ரெண்டு பாஷை. சரிக்குச் சரி" என்று மாமா தீர்ப்பு மாதிரிச் சொன்னார்.

அரை மணி நேரம் வாதாடினோம். எழுத வந்தவர்கள் பேனாவை மூடிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் மாஷ் என்னிடம் தாளை நீட்டினார். தலைப்பு, கிராமத்தின் குடிநீர்ப் பிரச்சினை. எனக்குத் தெரிந்ததோ குசேலர். துவாரகை போகிற வழியில் அவருக்கும் தாகம் எடுத்திருக்கும்தானே? மூன்று பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

பரிசு கிடைக்கவில்லை. நடுவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆக, படிக்கப்படாமலேதான் தோற்றேன். அதைத் தோல்வியில் சேர்க்க முடியாது.

போட்டியன்று திரும்பும் வழியில் அப்பா நின்று என் பக்கம் திரும்பினார். "ஜன்னல் வழியா எல்லாம் கேட்டேன்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ரெண்டு வாத்தியாருகிட்ட நின்னு வாதாடற புள்ளைய ஊட்டுல வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? தெனமும் நாந்தான் தோக்கோணும். காலேஜுக்கே போ கண்ணு."

போனேன். அங்கே சமஸ்கிருத அகராதியில் முதல் வேலையாக அந்தச் சொல்லைத் தேடினேன். அருகில் கொண்டுபோய் வைத்தல் என்பதுதான் மூலப் பொருளாம். ஆர்மோனியத்தைக் கொண்டுபோய் வைத்தவள் நான் ஒருத்திதானே?

என் மருமகள் திருச்சூர்க்காரி. "உபந்யாஸம் எழுதியோ மோளே?" என்று பேத்தியிடம் அவள் கேட்கும்போதெல்லாம் வீடே என்னைப் பார்த்துச் சிரிக்கும். நான் சிரிப்பதில்லை. "எழுதறதென்ன, எந்திரிச்சு நின்னு பேசச் சொல்லு" என்பேன்.