நாற்பது சாமந்திக்கு ஒரே தாய்

2009ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசித்த ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் சபாபதி ஒரு சபதம் செய்தார். தம்மிடமிருந்த மஞ்சள் சாமந்தியின் தளிர்நுனிகளைப் பாட்டிலுக்குள் வளர்த்து, ஒன்றுக்கொன்று இம்மியும் மாறாத நாற்பது செடிகளை உண்டாக்குவது. தை மாதம் சிதம்பரத்திலிருந்து வரும் பூச்செடி ஆர்வலர் சங்கத்தார் முன் அவற்றை வரிசையாக நிறுத்துவது. சங்கத்தின் செயலாளர் கொளஞ்சியப்பன் அவருடைய பழைய மாணவன். கைகழுவாமல் வந்ததற்காக அவனை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நிற்கவைத்தவர் சபாபதி. ஆகவே தோற்பதற்கில்லை.

சபதத்தின் முதல் பலி, மனைவி மங்கலத்தின் பிரஷர் குக்கர்.

"குக்கர் எங்கங்க?"

"பாட்டிலுங்கள ஆவியில வெச்சிருக்கேன். கிருமி இருக்கக் கூடாது. இதுக்குப் பேரு திசு வளர்ப்பு."

"ரெண்டு புள்ளைய வளத்த குக்கருங்க அது. பருப்ப எதுல வேக வெப்பேன்?"

"பாத்திரத்துல வேக வையேன்."

"கேஸ் ஜாஸ்தி ஆவும். சிலிண்டர நீங்க தூக்கிக்கிட்டு வாங்க."

"அறிவியலுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்க. அந்த ரூமுக்குள்ள யாரும் வரக் கூடாது. ஒரு தூசு பட்டாலும் போச்சு."

மங்கலம் அவர் கையிலிருந்த மூக்குப்பொடி டப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

பன்னிரண்டாம் நாள் சபாபதி பாட்டில்களைத் தூக்கிப் பார்த்தார். பூக்கும் என்று சொல்லியிருந்தார், பூத்துத்தான் இருந்தது. வெள்ளை, பச்சை, கறுப்பு என மூன்று நிறங்களில் பூஞ்சணம். இரண்டாம் முறை முயன்றார். மூன்றாம் முறையும் முயன்றார். பூஞ்சணம் மட்டும் இம்மியும் மாறாமல் வந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கிருமிநீக்கத்தைப் பாடமாக நடத்திய மனிதர், பாட்டில்களைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கண்ணாடியில் தம் முகத்தைப் பார்க்கவும் கூசினார்.

"வளருதாங்க?" என்றாள் மங்கலம்.

"வளருது," என்றார். பூஞ்சணத்தைப் பொறுத்தவரை அது உண்மை.

மார்கழிக் கடைசியில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, நெல்லிக்குப்பம் சாலையில் முத்தம்மாளின் நர்சரிக்குப் போனார். பால் கவர்களில் சாமந்திக் கன்றுகள் மொட்டோடு நின்றன.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குமா?"

"ஒரே கை வெச்சது சார். அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும்."

நாற்பதையும் வாங்கினார். மங்கலம் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத் தொட்டிகளில் மாற்றினார். பால் கவர்களைத் தெருமுனைக் குப்பையில் போட்டார். திரும்பி வந்த மங்கலம் தொட்டிகளைச் சுற்றி வந்து, "அடேயப்பா!" என்று மட்டும் சொன்னாள்.

சங்கத்தார் வரவிருந்த நாளன்று காலையில் மொட்டுகள் அவிழ்ந்திருந்தன. நாற்பதும் ஒரே அளவு. நாற்பதும் ஒரே உயரம். நாற்பதும் அடர்சிவப்பு. சபாபதி ஓடிப்போய் மஞ்சள் தாய்ச்செடியைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

"பிரமாதம் சார்!" என்றான் கொளஞ்சியப்பன். "அச்சுல வாத்த மாதிரி இருக்கு. தாய்ச்செடி எங்க சார்? பக்கத்துல வெச்சு ஒரு போட்டோ எடுத்துக்கறோம்."

தாய் மஞ்சளாக இருக்க, பிள்ளைகள் நாற்பதும் சிவப்பானது எப்படி என்று முதலாண்டு மாணவன்கூடக் கேட்பான். வெளியே நிற்க வேண்டியது இப்போது தாம்தான் என்று சபாபதிக்குத் தோன்றியது.

"மாடியில இருக்கு. எடுத்தாரேன்," என்றாள் மங்கலம்.

இறங்கி வந்தவள் கையில் ஒரு செடி. அதே இலை. அதே அடர்சிவப்பு. சங்கத்தார் கைதட்டினார்கள். சபாபதி அவள் பின்னால் அடுப்படிக்குள் நுழைந்தார்.

"மங்கலம், அது எப்புடி உன்கிட்ட..."

"குக்கர் இல்லாம கடுப்புல மாடியில போய் நின்னேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னால அந்தச் செடி இருந்துச்சு. நுனிய ஒடிச்சு ஒடிச்சுப் பால் கவர்ல நட்டேன். ஒண்ணு தப்பாம புடிச்சுக்கிச்சு. முத்தம்மாகிட்ட விக்கக் குடுத்தேன். தலையில துண்டு போட்டுக்கிட்டு, மூக்குப்பொடி வாசனையோட ஒரு பெரியவரு வந்து நாப்பதையும் வாரிக்கிட்டுப் போனாராம்."

சபாபதி மூக்குப்பொடி டப்பாவை இடுப்பில் செருகி மறைத்தார்.

கூடத்திலிருந்து குரல் வந்தது: "சார், எந்த முறையில வளத்தீங்கன்னு ரெண்டு வார்த்த சொல்லணும்!"

மங்கலம் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். குக்கரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அத நான் போய் சொல்லிக்கறேன். நீங்க இதத் தேச்சு வைங்க. கிருமி இருக்கக் கூடாது."