அத்தானுக்குத் தண்ணீர் கொடுத்த விவரம்

கண்டனூர்,
5-6-1968

பெருமதிப்பிற்குரிய சேதுபதி சித்தப்பா அவர்களுக்கு, தங்கள் அண்ணன் மகள் பொன்னழகு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அய்யா, ஆத்தா, இரண்டு மாடுகள், ஒரு கன்று ஆகிய அனைவரும் நலம். மதுரையில் தாங்களும் சித்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நடந்தவற்றை நடந்தபடியே, எனக்குப் பாதகமானதையும் மறைக்காமல், உண்மையாக எழுதப்போகிறேன்.

நான் ஒன்பதாவது தேறியதற்குத் தாங்கள் அனுப்பிய, வாழ்க்கையில் முன்னேற வழி சொல்லும் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். தன்னைத் தானே நடத்தத் தெரிந்தவர் சொல்லுக்கு வீடே இணங்கும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அய்யாவோ, "பொம்பளப் பிள்ளைக்கு ஒம்பது போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனத்தை மாற்றிப் பத்தாவதில் சேர இதுவே வழி என்று தீர்மானித்து, திங்கட்கிழமை யாரும் எழுப்பாமலே ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, மாட்டுக்கொட்டிலைக் கூட்டி, "அடுத்து என்ன செய்யட்டும் ஆத்தா?" என்று கேட்டேன். ஆத்தா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. "ஏன்டி, எந்தப் பானைய ஒடச்ச?" என்றார். உடைக்கவில்லை என்றேன். உள்ளே போய்ப் பானைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எல்லாம் முழுசாக இருந்ததால் சந்தேகம் இரண்டு மடங்கானது. அண்டை வீட்டார் நற்குணத்தை வாய்விட்டுப் பாராட்ட வேண்டும் என்ற பாடத்தின்படி, ராக்காயி அக்காவிடம் குழம்பு வாசனை நன்றாக இருக்கிறது என்றேன். அவர் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, "பிள்ளைக்கு மந்திரிச்சு விடுங்க மதினி. கண்ணப் பாத்துப் பேசுது" என்று ஆத்தாவிடம் சொன்னார். எதிர்த்துப் பேசாமல் நான் இரண்டு நாள் அமைதியாக இருந்ததைக் கண்ட அய்யா, "மார்க்கு சீட்டக் கொண்டா, இன்னொருக்கப் பாப்போம்" என்றார்.

இன்று காலை அரியக்குடியிலிருந்து அய்யாவின் அக்கா சோலையம்மாள் அத்தையும் அவர் மகன் மாயக்கண்ணன் அத்தானும் வந்தார்கள். அத்தான் எனக்கு முறை என்பதால், அவர் வந்தால் நான் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதுதான் வழக்கம். முறைமாப்பிள்ளைக்குப் பெண் தன் கையால் தண்ணீர் கொடுத்தால் சம்மதம் என்று அர்த்தமாகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இருபத்து மூன்றாம் பக்கத்தில், 'எவரைக் கண்டு ஓடுகிறாயோ, அவர் எதிரே நின்று, கண்ணைப் பார்த்துப் புன்னகை செய்' என்று போட்டிருக்கிறது. முறைமாப்பிள்ளை நீங்கலாக என்று போடவில்லை. ஆகவே செம்பில் தண்ணீர் கொண்டுபோய், "வாங்க அத்தான், பயணம் சௌகரியமா?" என்று கேட்டு, ஐந்து எண்ணும்வரை புன்னகை செய்தேன். அத்தான் செம்புக்குள் எட்டிப் பார்த்தார். முகர்ந்தார். குடிக்காமல் அத்தையிடம் கொடுத்தார். அத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அய்யாவைப் பார்த்து, "தம்பி, பிள்ளையே வாய் தெறந்து கூப்புட்ருச்சு. பெறகென்ன, ஆவணியில பரிசம் போட்ருவோம்" என்றார்.

"அதான் அஞ்சு மணிக்கே எந்திரிச்சாளாக்கும்! நான் காய்ச்சலுன்னுல்ல நெனச்சேன்" என்று ஆத்தாவும் சேர்ந்துகொண்டார். மூன்று நாட்களாக யாருக்கும் விளங்காதிருந்ததெல்லாம் ஒரு நொடியில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அது இருபத்து மூன்றாம் பக்கம் என்று நான் கத்தினேன். "வெக்கத்துல பொஸ்தகத்து மேல பழியப் போடுது பாருங்க" என்று அத்தை கன்னத்தைக் கிள்ளினார். பஸ் ஏறப் புறப்படும்போது அத்தான் மட்டும் என் பக்கம் குனிந்து, "உண்மையச் சொல்லு, தண்ணியில என்னத்தக் கலந்த?" என்றார்.

வெள்ளிக்கிழமை அய்யா நாள் குறிக்க அரியக்குடி போகிறார். குறித்துவிட்டால் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஆகையால் தாங்கள் கடிதம் கண்டவுடன் லீவு போட்டு வந்து, தங்களுக்கே தோன்றியதுபோல என் படிப்பைப் பற்றிப் பேச வேண்டும். 'எதிராளி சொல்வது சரி என்று தொடங்கிப் பிறகு உன் காரியத்தைச் சொல்' என்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. இதைப் படித்ததிலிருந்து எனக்குத் தங்கள் மேலும் ஒரு சந்தேகம். தாங்கள் சென்ற தையில் எழுதிய கடிதம் 'அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று தொடங்கி, மதுரையில் அரிசி விற்கும் விலையில் முடிந்தது. அய்யா அன்றே ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். தவறாக நினைக்க வேண்டாம், கேட்டுவைத்தேன்.

சித்திக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் இருவர் ஆசியும் இந்த வாரம் எனக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மகள்,
பொன்னழகு

பி.கு.: தாங்கள் வர வேண்டாம். உறையை ஒட்டும்போது அய்யா பார்த்துவிட்டார். "யாருக்கு? என்னத்துக்கு?" என்றார். நிதானமாகப் பதில் சொல்லும் முறை என்று நான் மனப்பாடம் செய்திருந்த இரண்டு பக்கமும் மறந்துபோய், "எனக்குக் கல்யாணம் வேணாம்யா, நான் படிக்கணும்" என்று மூக்கொழுக அழுதுவிட்டேன். புன்னகை செய்யவில்லை. கண்ணையும் பார்க்கவில்லை. அய்யா பக்கத்தில் கிடந்த புத்தகத்தைக் காட்டினார்.

"இதுவும் அந்தப் பொஸ்தகத்துல இருக்கா?"

"இல்லய்யா."

"நெசமா?"

"நெசமாய்யா. இது நானாச் சொல்றது."

"அப்பச் சரி. அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். நீ திங்கக்கெழம பள்ளிக்கூடத்துக்குப் பள்ளத்தூர் பஸ்ஸப் பிடி" என்று சொல்லிவிட்டு, வேறு ஏதாவது இருக்கிறதா என்று புத்தகத்தை ஒருமுறை உதறிப் பார்த்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இந்தக் கடைசி வரிகள் கோணலாக இருந்தால் மன்னிக்கவும். அய்யா விளக்கை அணைத்துவிட்டார்.