பின்தங்கிய தெருவும் பிளீச்சிங் பவுடரும்

நெட்டுக்குப்பத்தில் ஃபைபர் படகுப் பட்டறை வைத்திருந்த ரவிக்குமார் காலையில் வந்து பார்த்தபோது தெரு பளிச்சென்று இருந்தது. அவன் தலையில் கைவைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இருபக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு. பள்ளங்களில் புதுச் செம்மண். வாசலில் அவன் மனைவி மங்கை போட்ட கோலம். அதிகாரி வருகிறார் என்றால் நம்மூரில் வேறென்ன செய்வார்கள்?

வருகிறவர் விற்பனை வரி அதிகாரி. பின்தங்கிய பகுதியில் தொழில் தொடங்கினால் சில வருடம் வரி கிடையாதென்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. சலுகை கிடைத்தால் பட்டறை பிழைக்கும், இல்லாவிட்டால் பூட்டு. இடம் நிஜமாகவே பின்தங்கியதுதானா என்று பார்க்கத்தான் அவர் வருகிறார்.

"கவுன்சிலராண்ட நான்தான் சொன்னேன்" என்றாள் மங்கை பெருமையாக. "பெரிய மனுசன் வர்றாரு, பெருக்கி வெக்க வாணாமா?"

"பின்தங்கிக் கீறோம்னு மனு குடுத்துட்டு, மவுண்ட் ரோடு மாதிரி பண்ணி வெச்சிருக்கியே. இன்னா பொம்பள நீ?"

மங்கை முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ரவிக்குமார் பட்டறை ஆட்கள் எல்லோரையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு குப்பை தேடிப் போனான். வடசென்னையில் குப்பைக்கா பஞ்சம்? ஆனால் அன்றைக்கென்று திருவொற்றியூர் வரை போகவேண்டி வந்தது. திரும்பும் வழியில் டெம்போவும் நின்றுபோக, தள்ளிக்கொண்டே வந்தார்கள்.

எதிரில் டீக்கடை வைத்திருக்கும் பச்சையம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ வேற பேஜாரு பண்ணாத ஆயா" என்று அடக்கிவிட்டுக் குப்பையை வாசலிலேயே கொட்டினான். கோலத்தை அழித்தான். செம்மண்ணை வாரினான். அப்படியும் மனசு ஆறாமல் சாக்கடை மூடியைப் பெயர்த்தான். சாக்கடைத் தண்ணீர் தெருவை நனைத்துவிட்டு நேராகப் பட்டறைக்குள்ளேயே புகுந்தது. படகு வார்க்கும் ரெசின் டப்பாக்கள் உருண்டன, விற்பனைக்கு நின்ற படகு ஒன்று அங்கேயே மிதந்தது. தலையில் அடித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அவனுக்குத் திருப்திதான்.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது. இறங்கியவர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எப்பவுமே இப்படித்தானா?"

"எப்பவுமே சார். ஒரு நாளு கூட மாறுனதில்ல."

"பட்டறைக் கழிவெல்லாம்?"

"பின்னாடி ஆத்துலதான் சார். இந்த ஊர்ல வேற இன்னா வசதி கீது?"

அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார், கையெழுத்துக் கேட்டார். ரவிக்குமார் சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தான். ஜீப் கிளம்பியதும் பச்சையம்மா கடையில் போய் உட்கார்ந்து, "சலுகை கெடைச்ச மாதிரிதான் ஆயா" என்று பெருமூச்சு விட்டான்.

பச்சையம்மா டீயை நீட்டினாள். "அத்த சொல்லத்தான் அப்பவே வந்தேன் நைனா. நீ குப்பைக்குப் போனப்பவே வரி ஆபீசரு வந்து, பவுடரு போட்டும் தெரு இந்த லட்சணத்துல கீதேன்னு சலுகைய குடுத்துட்டுப் போய்ட்டாரு. இப்ப வந்தவரு, ஆத்துல கழிவு வுடுற பட்டறைக்கு சீல் வெக்கிறவரு."